பதினான்கு என்று எண் பொறித்த இரும்பு

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். அலமாரியில் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரும்புப் பொருத்தை எடுத்து வைக்கச் சொன்னாய். சிப்காட்டில் பன்னிரண்டு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சேலம் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பட்டறை ஆசிரியராகப் போகிறாய். முதல் வகுப்பில் மேசைமேல் அதை வைத்து, "இது எங்கப்பா பத்தொன்பது வயசுல வெறும் அரத்தால ராவினது" என்று பிள்ளைகளிடம் சொல்லப் போவதாகச் சொன்னாய். பக்கத்தில் உன் மனைவி சிரிப்பது கேட்டது. "உங்க அப்பா பெருமைய ஆரம்பிச்சிட்டீங்களா" என்றாள். சரி என்று மட்டும் சொன்னேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அந்த இரும்பை நான் ராவவில்லை. கபூர் என்று என்னோடு படித்தவன் ராவினான்.

இதை உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். அச்சுக்குக் கொடுக்கக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்ற வருஷம் ஓர் ஆண்டு மலரில் அந்த இரும்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். படமும் போட்டார்கள். நீ அதைக் கத்தரித்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பொய் அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும். கடலூரில் நிருபராக இருந்த காலமெல்லாம் நான் எத்தனையோ திருத்தம் எழுதியிருக்கிறேன். பெயர் மாறிப்போனது, ஊர் மாறிப்போனது, இறந்துவிட்டதாக நாங்கள் போட்டவர் மறுநாள் அலுவலகத்துக்கே வந்து நின்றது. எல்லாம் உள்பக்கத்தில், கீழே, சின்ன எழுத்தில் நாலு வரியாக முடிந்துவிடும். இது அப்படி நாலு வரியில் முடியாது. பொறுமையாகப் படி.

கீரப்பாளையம் தாண்டி வயலுக்கு நடுவே அந்தக் கல்லூரி இருந்தது. ஊரகத் தொழிற்கல்வி இளநிலைக் கல்லூரி என்று பலகையில் எழுதியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அதைப் பட்டறை காலேஜ் என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களுக்கு இரண்டு வருஷப் படிப்பு. அறுபதுகளின் முற்பாதி அது. தென்னாற்காடு முழுக்க ஆயில் இன்ஜின் வந்துகொண்டிருந்தது. அதைப் பழுது பார்க்க ஆள் இல்லை. ஒருபக்கம் நெய்வேலியில் சுரங்கம் வளர்ந்துகொண்டிருந்தது. கையில் தொழில் இருந்தால் வேலை நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு. உன் தாத்தா கடலூர் ஓ.டி.யில், பழைய ஊர்த் துறைமுகத்தில் மூட்டை நிறுக்கும் வேலையில் இருந்தார். என்னைச் சேர்த்துவிட்டு வந்த அன்றே மாதா கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாராம், "நம்ம பையன் இன்ஜினுக்குப் படிக்கிறான்" என்று. அவர் சொன்னதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்தப் பயத்தைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நான்கு மணி நேரம் பட்டறை, மத்தியானம் வகுப்பு. முதல் மாதம் முழுக்க ஒரே வேலை: ஓர் இரும்புக் கட்டையை அரத்தால் ராவிச் சமமாக்க வேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். அடியில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். நீ இந்த வேலையைப் பழகியவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை. என் கட்டையில் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் சாய்ந்துவிடும். மாதக் கடைசியில் என் கட்டை பாதியாகத் தேய்ந்திருந்தது. பட்டறை மாஸ்டர் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, "இன்னும் ஒரு மாசம் விட்டா இத மூக்குத்தி ஆக்கிடுவான்" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கபூர் பரங்கிப்பேட்டைக்காரன். அவன் வாப்பா மலேயாவில் இருந்தார். வீட்டில் அம்மாவும் மூன்று தங்கைகளும். அவனுக்கு இடது கைப் பழக்கம். வரிசையில் நின்று ராவும்போது அவன் முழங்கை பக்கத்து ஆளை இடிக்கும் என்று, கடைசி மூலையில் சுவரோரம் இருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மாஸ்டர் அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். அந்த மூலையை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். அவன் கையில் அரம் சத்தமே போடாது. ஒரு சீரான உரசல்தான் கேட்கும், அவ்வளவுதான். அவன் கட்டையின் மேல் மூலைமட்டத்தை வைத்தால் அடியில் இருட்டாக இருக்கும். ஆனால் ரெக்கார்டு நோட்டு அவனுக்கு எமன். செய்த வேலையை ஒவ்வொன்றாகப் படம் போட்டு, ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி, வாரா வாரம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பக்கம் எழுத அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எனக்கு அரை மணி நேரம்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதியில் உட்கார்ந்து அவன் நோட்டையும் நான் எழுதுவேன். திங்கட்கிழமை மாஸ்டர் வேறு பக்கம் திரும்பும்போது அவன் என் வைஸுக்கு வந்து பத்து இழுப்பு இழுத்துவிட்டுப் போவான். நான் ஒரு வாரம் பாடுபட்டுக் கெடுத்தது அந்தப் பத்து இழுப்பில் நேராகும். இரண்டு பேருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் எங்களை இரண்டிரண்டு பேராக சைக்கிளில் கிராமங்களுக்கு அனுப்புவார்கள், இன்ஜின் பழுது பார்க்க. ஒருமுறை ஒரு வயலில் இன்ஜின் கிளம்பவில்லை. டீசல் எப்படி எரிகிறது, காற்று எங்கே போகிறது என்று வயல்காரருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நான் பேசி முடிப்பதற்குள் கபூர் ஒரு குழாயைக் கழற்றி ஊதி மாட்டிவிட்டான். இன்ஜின் ஓட ஆரம்பித்தது. வயல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ பேசுற தம்பி, அவரு செய்யுறாரு. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுனா ஒரு முழு ஆளு" என்றார். திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது யோசித்தால், அந்த மனிதர் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நான் என் பிள்ளைக்குச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இறுதித் தேர்வு மூன்று நாள். இரண்டு இரும்புத் தகட்டைக் கொடுப்பார்கள். ஒன்றில் சதுரமாக நாக்கு விட வேண்டும், மற்றதில் அதே அளவுக்குப் பள்ளம் வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கும் கசியக் கூடாது. திருப்பிப் போட்டாலும் கசியக் கூடாது. மூன்றாம் நாள் மத்தியானம் கடலூரிலிருந்து தேர்வாளர் வந்து பார்ப்பார். அதற்கு முன்னால் அவரவர் எண்ணை அவரவர் பொறித்துக்கொள்ள வேண்டும். என் எண் பதினான்கு. அந்த வாரம் மாஸ்டருக்கு அம்மை போட்டிருந்தது, வீட்டோடு இருந்தார். யார் கை எப்படிப்பட்டது என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பதிலாகக் கணக்கு வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அரத்துக்கும் உளிக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாம் நாள் மத்தியானம் என் பள்ளம் அகன்று போயிற்று. நாக்கை உள்ளே விட்டால் கடகடவென்று ஆடியது. இரும்பைக் குறைக்கலாம், திரும்பச் சேர்க்க முடியாது. நான் பட்டறைக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்துவிட்டேன். கபூர் தேடிக்கொண்டு வந்தான். எங்கப்பா முகத்தில் இனி முழிக்க முடியாது என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவன் என் பொருத்தை வாங்கி ஆட்டிப் பார்த்தான். "அழுவாத மச்சான். என்னுது காலையிலியே முடிஞ்சிபோச்சி. இன்ஜின் ஷெட்டுல துண்டுத் தகடு கெடக்குது. நாளைக்குக் காலையில போட்டுத் தரேன்" என்றான். வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த மூலை வைஸில் நின்று அவன் ராவினான். கணக்கு வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு என் கையில் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது. எண்ணை நான் பொறித்தேன். சுத்தியல் வழுக்கி நான்கு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சின்ன வயதில் நீ அந்தச் சாய்ந்த நான்கின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்த இரும்பில் அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான்.

தேர்வாளர் கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. மேசையில் வரிசையாக வைத்திருந்த பொருத்துகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னுடையதைப் பார்த்து நின்றார். கபூருடையதை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அரக் கோடுகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மற்ற எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒரே கை வேலை என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் முன்னால் கூப்பிட்டார். பிறகு ரெக்கார்டு நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்துப் பார்த்தார். அங்கேயும் ஒரே கையெழுத்து. "இத ரெண்டையும் யாரு எழுதினது?" என்று கேட்டார். நான்தான் சார் என்றேன். அது உண்மை. என் பொருத்தைத் தொட்டு, "இது யாரு செஞ்சது?" என்றார். நான்தான் சார் என்றேன். முதல் பதிலின் வேகத்திலேயே அது வந்துவிட்டது. அப்புறம் கபூருடையதைத் தொட்டு, "அப்ப இது?" என்றார்.

நான் பேசவில்லை. கபூர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாளில் கோர்ட்டிலும் கலெக்டர் ஆபீஸிலும் எத்தனையோ பேர் பதில் சொல்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "அவர் பேசாமல் இருந்ததிலிருந்தே உண்மை விளங்கியது" என்று நான் ஒருநாளும் செய்தியில் எழுதியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் அப்படி எழுதிக்கொண்டு வந்தால் அந்த வரியை அடித்துவிடுவேன். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பார்கள். அன்றைக்கு அந்தத் தேர்வாளர் என் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: இரண்டு நோட்டையும் எழுதியவனே இரண்டு பொருத்தையும் செய்திருக்கிறான், மற்றவன் சும்மா இருந்து பெயர் வாங்கப் பார்த்திருக்கிறான்.

கபூர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "என்னுது நான் செஞ்சதுதான் சார்." என்னுடையதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. தேர்வாளர், "உன் நோட்டையே நீ எழுதல. வேலைய மட்டும் நீ செஞ்சன்னு எப்படி நம்புறது?" என்றார். ஒரு தகடு கொடுத்தால் இப்போதே ராவிக் காட்டுவதாக அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் தப்பியிருப்பான், நான் மாட்டியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும். தேர்வாளரும் கேட்டிருக்கலாம். அவருக்கு நாலு மணி பஸ். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்ததற்காக எனக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைத்து, தேர்ச்சி போட்டார். கபூருக்குச் சான்றிதழ் இல்லை என்று எழுதினார். அவன் பொருத்தையும் நோட்டையும் உறையில் வைத்து அரக்கு முத்திரை போட்டுக் கடலூருக்கு எடுத்துப் போய்விட்டார். இரண்டு வருஷம் அவன் செய்த வேலையில் வெளியே மிஞ்சியது, என் எண் பொறித்த அந்த ஒன்றுதான்.

விடுதியில் அவன் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் போய் வாசலில் நின்றேன். நான் கேட்டதை இப்போது எழுதவே கூசுகிறது. "நீ ஏன்டா சொல்லல?" என்று அவனைக் கேட்டேன். அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சிதம்பரம் ரயில் நிலையம் வரை அவனோடு நான் போகவில்லை.

மாஸ்டர் அம்மை இறங்கித் திரும்பி வந்தபோது நான் சான்றிதழோடு கடலூருக்கு வந்துவிட்டிருந்தேன். அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரப் பயணம். நான் போன இடம் மாதா கோயில். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, "ஒரு பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்து வந்துவிட்டேன். கபூர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நீ வளர்ந்ததிலிருந்து கேட்ட கதை ஒன்று உண்டு: நெய்வேலிப் பக்கம் கிடைத்த பட்டறை வேலையை அப்பா எழுத்தின்மேல் இருந்த ஆசையால் விட்டுவிட்டார் என்று. அதையும் திருத்திக்கொள். அங்கே நான்கு மாதம் இருந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்த்து என்னிடம் நுணுக்கமான வேலையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் கெடுத்தேன். மேஸ்திரி ஒருநாள் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுவாரம் நான் போகவில்லை. ஆசையால் விடவில்லை, பயந்து ஓடி வந்தேன். எழுத்து பிறகுதான் வந்தது. உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அந்த இரும்பை எடுத்துக்கொண்டு போனேன். உன் அம்மா வழித் தாத்தா படகு கட்டுகிறவர். அதைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, கைவேலை தெரிந்த பையன், பத்திரிகை போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று பெண் கொடுத்தார்.

நீ ஐ.டி.ஐ.யில் இரண்டாம் வருஷம் படித்தபோது ஒருநாள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "அப்பா, கோடெல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கே. நீங்க லெஃப்ட் ஹேண்டா?" என்று கேட்டாய். பட்டறையில் எனக்கு மூலை வைஸ் கொடுத்தார்கள், சுவரோரம் திரும்பி நின்றுதான் ராவ வேண்டும், அதனால் அப்படி என்றேன். கபூருக்குக் கொடுத்த மூலையையும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். நீ நம்பினாய். இந்தத் தொழில் தெரிந்த வேறு எவனும் அதை நம்பியிருக்க மாட்டான். அப்பா சொன்னதால் நீ நம்பினாய். அடுத்த வாரம் நீ வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, கடைக்குப் போய், இரும்பைத் தேய்க்கும் எமரித் தாள் வாங்கி வந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து முகம், ஓரம், நாக்கின் பக்கவாட்டு, பள்ளத்தின் சுவர் என்று எல்லாவற்றையும் தேய்த்தேன். கோடுகள் போய்விட்டன. நீ வந்து பார்த்து ஏன்பா என்றாய். துரு பிடித்திருந்தது என்றேன். அன்றைக்கு நீ இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாய். பொருத்து தளர்ந்து ஆடிய அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நீயும் கேட்டிருப்பாய்.

நீ போன் செய்த மறுநாள் காலையில் உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். "ஏமாந்தது எங்கப்பா, நான் இல்ல. இந்த வீட்ல நீங்க ஒரு ஆணி அடிச்சா சொவரு பேந்துகிட்டு வருது. எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பையன்கிட்ட சொல்லிடுங்க. அத வெச்சுக்கிட்டு அவன் முப்பது பிள்ளைங்க முன்னாடி நிப்பான். அதுல ஒருத்தன் எங்கியாச்சும் மிச்சமிருக்குற கோட்டப் பாத்தான்னா?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை நாள் என் மானத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அந்த வகுப்பில் தலைகுனிய வேண்டியவன் நீ.

வியாழக்கிழமை பரங்கிப்பேட்டைக்குப் போனேன். கபூர் திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது என்றும், ஆற்றோரம் படகு இன்ஜினுக்குப் பட்டறை வைத்திருக்கிறான் என்றும் எனக்கு வெகுநாளாகத் தெரியும். செய்தி சேகரிக்க அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் வேறு தெரு வழியாகப் போய் வருவேன். அவனுக்குத் தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். "வாங்க சார், உக்காருங்க" என்றான். அந்த வாங்கவும் சாரும் எனக்கு வேண்டியதுதான். டீ வாங்கி வரச் சொன்னான். பதினாறு வருஷம் மலேயாவில் தாய்மாமனான மாமு கடையில் சீனியும் பருப்பும் கட்டிக்கொடுத்ததாகவும், இரும்பைத் தொட்டது திரும்பி வந்த பிறகுதான் என்றும் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு, "மலர்ல நீங்க எழுதுனதப் படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க" என்றான். டீ டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்து அவன் மேசைமேல் வைத்தேன். இது உன்னுடையது, கொடுக்க வந்தேன் என்றேன். அவன் கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தான். வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். எண்ணைப் பார்ப்பான் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. வெகுநேரம் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு தேச்சது?" என்றான். நான்தான் என்றேன். "எமரியா?" ஆமாம் என்றேன். "கண்ணாடி மேலயாவது வெச்சுத் தேச்சியா, வெறுங் கையிலியா?" வெறும் கையில்தான் என்றேன். அவன் முதல்தடவையாகச் சிரித்தான். "ஓரமெல்லாம் உருண்டு போச்சிடா. தலமுடி நொழையாம வெச்சிருந்தேன். இப்ப பஸ்ஸே போவும்" என்றான். டா என்று அவன் சொன்னதும் எனக்குள் ஏதோ ஓர் ஆசை எழுந்தது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவன் அதற்குள் இரும்பைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். "எனக்கு வாணாம். நான் செஞ்சது இது இல்ல. இப்ப இது உன் வேலதான். நீயே வெச்சுக்க" என்றான். நடந்ததை அச்சில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுது. எழுதறதுதான் உனக்குச் சுளுவாச்சே" என்று சொல்லிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டான். இடது கையில் ஸ்பேனர்.

நான் உனக்கு உபதேசம் செய்யும் தகுதியை இழந்தவன். ஆனாலும் நீ உட்காரப் போகும் நாற்காலிக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். உன் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்து அவர்கள் கையை முடிவு செய்யாதே. வைஸ் பக்கத்தில் போய் நில். எவன் மேலாவது சந்தேகம் வந்தால் கேள்வி கேட்காதே. கேள்விக்கு என்னைப் போன்றவர்கள் நன்றாகப் பதில் சொல்வார்கள். ஒரு தகட்டையும் அரத்தையும் அவன் கையில் கொடு. அன்றைக்கு உன் பஸ் போனால் போகட்டும்.

அந்த இரும்பு இப்போது அலமாரியில் இல்லை. செய்தித்தாள் சுற்றியபடியே உன் பெட்டியில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். கொண்டுபோவதும் கொண்டுபோகாததும் உன் இஷ்டம். கொண்டுபோனால், காட்டுவதற்கு முன்னால் நீ தனியாக ஒருமுறை பார். பள்ளத்தின் அடி மூலையில், எமரித் தாளைப் பிடித்திருந்த என் விரல் எட்டாத இடத்தில், நாலைந்து கோடு இன்னும் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். அவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று உன் பிள்ளைகளுக்குக் காட்டு. அது கபூருடைய வேலை என்று சொல். மீதி முழுக்க உன் அப்பா செய்தது.